திலமுட்டி ஜாதகமும் இன்றைய பள்ளிக்கூடமும்



ஆஷாட பௌர்ணமி நமக்கு எத்தகைய நாள் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ததாகதர் சாரநாத்தின் மான் சோலையில் ஐவருக்கு முதன்முதலாகத் தம்மத்தை உபதேசித்து, உலகுக்கு ஆசிரியராய் அமர்ந்த நாள் அது. வட இந்தியாவில் மற்றையோரும் அந்நாளைக் குரு பூர்ணிமா என்று கொண்டாடுகின்றனர். 2025ஆம் ஆண்டு அந்நாள் ஜூலை 10இல் வந்தது. அன்று ஹரியானா மாநிலம் ஹிசார் மாவட்டத்தில் ஒரு பள்ளித் தலைமையாசிரியர், தம்மிடம் பயின்ற இரு மாணவர்களால் பள்ளி வளாகத்திலேயே கத்தியால் குத்தப்பட்டு உயிர் துறந்தார். முடியை ஒழுங்காக வெட்டிக்கொண்டு, பள்ளியின் முறைப்படி உடுத்தி வருமாறு அவர் கண்டித்ததே காரணமாகச் சொல்லப்பட்டது.

அதற்கு ஏழு திங்கள் முன்பு, 2024 டிசம்பர் 6ஆம் நாள், அஃதாவது பாபாசாகேப் அம்பேத்கர் மறைந்த நாளை நாம் நினைந்து விளக்கேற்றிய அன்று, மத்தியப் பிரதேசத்தின் சத்தர்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளி முதல்வர், பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டார். இவை இரண்டுமே புதியன அல்ல. 2012 பிப்ரவரி 9இல் சென்னையில், ஒன்பதாம் வகுப்பில் பயின்ற பதினைந்து வயதுச் சிறுவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றான். அவன் படிப்பில் பின்தங்கியதைப் பெற்றோர் அறியும்படி அவர் குறிப்பேட்டில் எழுதியிருந்தார். 2016 செப்டம்பர் 26இல் தில்லியின் நாங்லோய்ப் பகுதியில், வருகைக் குறைவு காரணமாக எழுந்த பகையால் ஓராசிரியர் மாணவர் கையால் மாண்டார். 2018 ஜனவரி 20இல் ஹரியானாவின் யமுனாநகரில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் தன் தந்தை உரிமம் பெற்று வைத்திருந்த துப்பாக்கியை எடுத்து வந்து பள்ளி முதல்வரைச் சுட்டான்.

இச்செய்திகளைப் படிக்குந்தோறும் இரண்டு பேச்சு எழுகின்றன. "காலம் கெட்டுவிட்டது, அக்காலத்தில் குருவின் முன் நிமிர்ந்து நிற்கவும் அஞ்சினர்" என்பது ஒன்று. "பிரம்பை எடுத்தது முதல் வந்த வினை இது" என்பது மற்றொன்று. இவ்விரண்டும் உண்மைதானா என்பதை ஆராய, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக நம் மரபில் ஓதப்பட்டு வரும் ஒரு கதையை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம். அது ஜாதகத் தொகுதியில் 252ஆவதாக உள்ள திலமுட்டி ஜாதகம். திலம் என்பது எள். முட்டி என்பது பிடி. 'ஒரு பிடி எள்' என்பதே அதன் பொருள்.

கதை

ஜேதவனத்தில் இருந்த பிக்கு ஒருவர் பெருஞ்சினத்தர். சிறு சொல் சொன்னாலும் பொங்கியெழுந்து வெறுப்பை நெஞ்சிற் பதித்துக் கொள்வார். அவர் பொருட்டுப் பகவர் இக்கதையைச் சொல்லியருளினார் என்பது மரபு.

முன்னாளில் காசி மன்னன் தன் மகனைப் பதினாறாம் வயதில் தக்கசீலத்துக்குக் கல்வி கற்க அனுப்பினான். ஊரிலேயே நல்லாசிரியர் இருந்தும், அரச குமாரரின் செருக்கு அடங்கவும், வெயிலும் குளிரும் தாங்கப் பழகவும், உலக நடை அறியவும் தொலைவிலுள்ள நாட்டுக்கு அனுப்புவது அக்கால வழக்கம். மகனுக்கு மன்னன் கொடுத்தவை ஒற்றைத் தோலாலான செருப்பும், ஓலைக் குடையும், ஆயிரம் காசுமே. குமாரன் சென்று, ஆசிரியர் இல்லத்தைக் கண்டவுடன் செருப்பைக் கழற்றி, குடையை மடக்கி, வணங்கி நின்றான். கல்வி தொடங்கியது.

ஒருநாள் ஆசிரியரோடு நீராடச் செல்லும் வழியில், மூதாட்டி ஒருத்தி எள்ளைப் புடைத்து வெயிலில் உலர்த்திக் காத்திருந்தாள். குமாரன் ஒரு பிடி அள்ளித் தின்றான். அவள் 'பாவம், பசி போலும்' என்று வாளாவிருந்தாள். மறுநாளும் தின்றான், அன்றும் பொறுத்தாள். மூன்றாம் நாள் அவள் கைகளை நீட்டி அழுது, ஆசிரியர் தம் மாணவரை விட்டுத் தன்னைக் கொள்ளையிடுவதாகக் கூவினாள். ஆசிரியர் எள்ளின் விலையைத் தருவதாகச் சொன்னார். அவள் விலை வேண்டாள். இனி இவ்வாறு செய்யாதபடி இவனுக்குக் கற்பித்தால் போதும் என்றாள். ஆசிரியர் இரு மாணவரைக் கொண்டு குமாரனைப் பிடிக்கச் செய்து, மூங்கிற் கழியால் முதுகில் மூன்று அடி அடித்தார்.

குமாரனின் கண்கள் சிவந்தன. ஆசிரியரை உச்சி முதல் உள்ளங்கால் வரை நோக்கினான். அரசனானதும் இவரைக் கொல்வேன் என்று அன்றே உறுதி கொண்டான். ஆயினும் வெளியே ஒன்றும் காட்டவில்லை. கல்வி முடிந்து விடைபெறும்போது, தான் அரியணை ஏறியதும் அழைப்பதாகவும், அவசியம் வரவேண்டும் என்றும் அன்பொழுகப் பேசிப் போனான்.

அரசனானான், அழைப்பும் போயிற்று. ஆசிரியர் உடனே புறப்படவில்லை. இளமை முறுக்கில் இருப்பவனிடம் எடுத்துச் சொன்னாலும் ஏறாது என்று எண்ணி, அவன் நடுவயது எய்தும் வரை காத்திருந்து பின்னர்ச் சென்றார். அவரைக் கண்டதும் அரசன் அமைச்சரிடம், "இவர் அடித்த இடம் இன்றும் எனக்கு நோகிறது, இவர் நெற்றியில் மரணத்தைத் தாங்கி வந்திருக்கிறார்" என்னும் கருத்துப்படப் பேசினான்.

ஆசிரியர் நடுங்கவில்லை. தாம் அடித்தது சினத்தால் அன்று, திருத்துதற்கே என்றார். அன்று தடுக்காவிடில் எள் தின்ற கை பண்டத்துக்கும் பழத்துக்கும் நீண்டிருக்கும்; பின்னர்க் கன்னமிடவும், வழிப்பறி செய்யவும், கொலை செய்யவும் துணிந்திருக்கும்; முடிவில் அரச தண்டனைக்கு ஆளாகியிருப்பாய்; இந்தச் செல்வம் உனக்கு எங்கிருந்து கிடைத்திருக்கும் என்று வினவினார். அமைச்சரும் அதனை ஆமோதித்தனர். அரசன் தெளிந்து, நாட்டையே அவருக்குத் தர முன்வந்தான். அவர் மறுத்தார். அவன் அவருடைய குடும்பத்தாரையும் வரவழைத்து, அவரைத் தன் புரோகிதராக்கி, தந்தையைப் போலப் போற்றினான்.

கதை தரும் முதற் பாடம்

'அக்காலத்தில் மாணாக்கர் அனைவரும் அடங்கியே இருந்தனர்' என்னும் பேச்சை இக்கதை ஒரே அடியில் தகர்த்துவிடுகிறது. தக்கசீலத்திலும் மாணவன் ஆசிரியரைக் கொல்ல எண்ணினான். பிரம்பு இருந்தது, அச்சம் இருந்தது, வணக்கமும் இருந்தது. ஆயினும் வஞ்சம் இருந்தது. அரசன் மகனுக்கு வாள் கிடைக்கச் சில ஆண்டுகள் ஆயின. இன்றைய சிறுவனுக்கோ கத்தியும் நாட்டுத் துப்பாக்கியும் சில நாட்களிலேயே கிடைத்துவிடுகின்றன. வேறுபாடு சினத்தில் இல்லை. சினத்துக்கும் கருவிக்கும் இடையேயுள்ள தூரத்திலேயே உளது.

இங்கு நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. மேலே கூறிய நிகழ்ச்சிகள் திடீரென்று கைகலப்பில் முடிந்தவை அல்ல. கண்டிப்பு ஒரு நாளில் நேர்ந்தது. கொலை பின்னொரு நாளில் நேர்ந்தது. கருவியைத் தேடி எடுத்து, பையில் மறைத்து, பள்ளிக்குக் கொண்டுவர நேரம் இருந்தது. அந்த இடைவெளியில்தான் சினம் வஞ்சமாகக் காய்ச்சி இறுக்கப்படுகிறது. சினம் தீப்பொறி, வஞ்சம் நீறு பூத்த நெருப்பு. பொறியை அவிக்க ஒரு கை நீர் போதும். நீறு பூத்ததை யாரும் காண்பதில்லை. ஆகலின் யாரும் அவிப்பதுமில்லை.

அவ்விடைவெளியில் குமாரனிடம் யாரேனும் பேசினரா? கதையில் ஒருவரும் பேசவில்லை. அவனைப் பிடித்துக் கொடுத்த தோழர் இருவரும் பேசவில்லை. ஆசிரியரும் அன்று மாலை அவனை அருகழைத்து, "உன்னை ஏன் அடித்தேன்?" என்று சொல்லவில்லை. எள், பண்டம், களவு, கொலை என்று அடுக்கிக் காட்டிய அந்த அரிய விளக்கம், வாளின் முன் நின்றபோதே அவர் வாயினின்றும் வந்தது. அவ்விளக்கம் அரசனின் மனத்தை ஒரு நாழிகையில் மாற்றிவிட்டது என்றால், அடி விழுந்த அன்றே அது சொல்லப்பட்டிருப்பின் அத்தனை ஆண்டு வஞ்சத்துக்கு இடம் ஏது? மூன்று அடிக்குக் கழி இருந்தது. மூன்று சொல்லுக்கு நேரமில்லை. இதுவே இக்கதையின் உள்ளுறை என்று கொள்வதில் தவறில்லை.

மூதாட்டியின் சொல்லையும் மறத்தலாகாது. அவள் அடிக்கச் சொல்லவில்லை, கற்பிக்கச் சொன்னாள்.

பிரம்பு வேண்டுமா?

இனி இரண்டாவது பேச்சுக்கு வருவோம். "தோலை உரித்துவிடுங்கள் ஐயா, கண்ணை மட்டும் விட்டு வையுங்கள்" என்று பிள்ளையைப் பள்ளியில் விட்டுச் செல்லும் தந்தையர் நம்மில் இன்றும் உளர். திலமுட்டி ஜாதகத்தில் ஆசிரியராய் இருந்தவர் போதிசத்துவரே என்று முடிகிறது. ஆதலால் பௌத்தம் பிரம்பை ஏற்கிறது என்று சிலர் வாதிக்கலாம். போதிசத்துவர் இன்னும் புத்தராகாதவர். தம் காலத்து வழக்கத்தில் நின்றவர். புத்தரானபின் ததாகதர் எவ்வாறு கற்பித்தார் என்பதே நமக்குப் பிரமாணம்.

விநயத்தைக் காண்போம். பாசித்திய விதிகளில் 74ஆவது, ஒரு பிக்கு சினங்கொண்டு மற்றொரு பிக்குவை அடிப்பதைக் குற்றமாக்குகிறது. 75ஆவது விதி, அடிப்பதுபோல் கையை ஓங்குவதையும் குற்றமாக்குகிறது. அறுவர் குழு எனப்பட்ட மூத்த பிக்குகள், பதினெழுவர் குழு எனப்பட்ட இளைய பிக்குகளை அடித்து அழவைத்ததே இவ்விதிகள் பிறந்த காரணம். வலியவர் எளியவர்மேல் கை வைத்தலையே பகவர் தடுத்தார் என்பது இதனால் விளங்கும்.

குதிரை பயிற்றும் கேசி என்பவர் ததாகதரிடம் வந்த வரலாறு அங்குத்தர நிகாயத்தில் உளது. கேசி தம் குதிரைகளை மென்மையாலும், கடுமையாலும், இரண்டும் கலந்தும் பழக்குவார்; எவ்வாற்றானும் பழகாததைக் கொன்றுவிடுவார். பகவரும் தாம் மனிதரை அம்முறைகளாலேயே பழக்குவதாகக் கூறினார். கடுமை என்பதற்கு அவர் கொண்ட பொருள் யாது? தீய ஒழுக்கம் இது, அதன் விளைவு இது என்று ஒளிக்காமல் எடுத்துரைப்பதே. "பழகாதவனைக் கொல்வீரோ?" என்று கேசி திடுக்கிட்டபோது, அவனுக்கு இனி அறிவுரை சொல்லாது விடுதலே நம் ஒழுக்கத்தில் கொலைக்கு ஒப்பானது என்று விளக்கினார். ஆசிரியர் கைவிட்டுப் பேசாது விடுதலே மாணவனுக்கு மரணம் என்பது எவ்வளவு ஆழ்ந்த கருத்து!

சிறுவன் இராகுலனுக்குப் பொய் பேசாமையைக் கற்பித்த முறையும் நாம் அறிந்ததே. கால் கழுவிய பாத்திரத்தில் சிறிது நீரை எஞ்ச வைத்துக் காட்டினார். அதனைக் கொட்டிக் காட்டினார். பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினார். வெறுமையாக நிமிர்த்திக் காட்டினார். அறிந்தே பொய் சொல்ல நாணாதவனுடைய துறவு இத்தகையது என்றார். ஓர் அடியும் இல்லை. ஓர் இழிசொல்லும் இல்லை. ஆயினும் கேட்டவன் உயிருள்ளவரை மறக்க இயலாத பாடம் அது.

இன்றைய சட்டமும் இக்கருத்துக்கு இணங்கியே நிற்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில், பிள்ளைகளை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் விலக்கியுள்ளது. 'மனத்தால்' என்னும் சொல்லை ஆசிரியர்கள் அடிக்கோடிட்டுப் படித்தல் வேண்டும். முதுகில் பட்டதைவிட, நாற்பது பேர் நடுவே பட்ட சொல்லே நெடுநாள் நோகும்.

நல்லாசிரியர்க்கும் நேர்வது

இவ்வாறு கூறுவதனால், மாண்ட ஆசிரியர்கள் ஏதோ பிழை செய்தனர் என்று எவரும் எண்ணிவிடலாகாது. மாணவனின் நிலையைக் குறிப்பேட்டில் எழுதிப் பெற்றோர்க்குத் தெரிவிப்பது ஆசிரியையின் கடமை. முடி திருத்தச் சொல்வதும், வராத நாளைக் கணக்கிடுவதும் கடமையே. கடமையைச் செய்தமைக்காக உயிரிழந்தவர்மேல் பழி சுமத்துதல் இரண்டாவது கொலையாகும்.

குறையற்ற ஆசிரியருக்கும் இது நேரும் என்பதற்குப் பகவரின் வரலாறே சான்று. தேவதத்தன் அவருடைய உறவினன். அவரிடமே துறவு பூண்ட மாணாக்கன். சங்கத்தின் தலைமையைத் தன்னிடம் ஒப்படைக்குமாறு பேரவையில் அவன் கேட்டான். பகவர் வெளிப்படையாக மறுத்தார். அன்று பிறந்த கறுவினால் வில்லாளரை ஏவினான். கழுகுமலையில் நின்று பாறையை உருட்டினான். நாளாகிரி என்னும் யானையை மதமூட்டி விட்டான். பாறைச் சில் பட்டுப் பகவரின் பாதத்தில் குருதி வடிந்தது. அவன் வீழ்ச்சிக்குக் காரணம் ஆசிரியரின் சொல் அன்று. அவன் உள்ளத்தே முன்னமே வளர்ந்திருந்த புகழாசையும் ஆதாய ஆசையுமாம்.

ஆகவே இரு உண்மைகளை ஒருங்கே பற்றுதல் வேண்டும். கண்டிக்கும் முறையால் வஞ்சத்தைக் குறைக்கலாம். ஆசிரியரின் பொறுப்பு அவ்வளவே. ஓங்கிய கையின் வினை ஓங்கியவனையே சாரும். 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டமும் இதனைக் கருதுகிறது. பதினாறு வயது நிறைந்து பதினெட்டு நிறையாதவர் கொடுங்குற்றம் புரிந்தால், அவருடைய மனநிலையையும் விளைவை உணரும் ஆற்றலையும் சிறார் நீதி வாரியம் முதலில் ஆராயும். வேண்டின் வயது வந்தோரைப்போல் விசாரிக்க அனுப்பும். மரண தண்டனை அவர்க்கு இல்லை. 'சிறுவன்தானே, சட்டம் என்ன செய்யும்?' என்று மகனைத் தட்டிக் கொடுக்கும் பெற்றோர் இதனை அறிதல் நன்று.

நம் பிள்ளைகள் படும் இழிவு

இனி நம் சமூகத்துக்கே உரிய ஒரு கேள்வி. நம் பிள்ளைகளிற் பலர் பள்ளியில் வேறோர் இழிவையும் சந்திக்கின்றனர். பிறப்பைச் சுட்டிப் பேசுதல், தந்தையின் தொழிலைச் சொல்லி நகைத்தல், கழிவறை கழுவ இவர்களையே ஏவுதல் என்பன இன்னும் முற்றும் ஒழியவில்லை. அப்போது பிள்ளைக்கு எழும் சினம் எள் தின்ற குமாரனின் சினம் அன்று. அது நியாயத்திலிருந்து பிறந்த சினம். அதற்கு என்ன விடை கூறுவோம்?

"பொறுத்துக்கொள்" என்று மட்டும் கூறுவது விடையாகாது. அது பிள்ளையின் வாயை அடைக்கும், வஞ்சத்தை வளர்க்கும். பாபாசாகேப் பள்ளிப் பருவத்தில் வகுப்பில் தனியே கோணிமேல் அமர்ந்தார். குழாயைத் தாமே தொட இயலாமையால், ஏவலாள் வராத நாளில் தண்ணீரின்றி இருந்தார். அவருக்குச் சினம் இல்லையா? இருந்தது. அச்சினத்தை அவர் மறைக்கவும் இல்லை, கத்தியாக்கவும் இல்லை. எழுத்தாக்கினார், சட்டமாக்கினார். கை ஓங்கியிருந்தால் ஓர் ஆசிரியர் வீழ்ந்திருப்பார். வழக்கம் அப்படியே நின்றிருக்கும்.

அவர் வாழ்வில் மற்றோர் ஆசிரியரும் உண்டு. பள்ளியாசிரியரும் நூலாசிரியருமான கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர், மாணவராயிருந்த பீமராவ் தேர்வில் வென்றமைக்காக நடந்த விழாவில், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். பின்னாளில் 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் இலட்சக்கணக்கானோர் திரிசரணம் ஏற்றதற்குப் பின்னே, ஓர் ஆசிரியர் ஒரு சிறுவன் கையில் வைத்த அந்தப் புத்தகமும் நிற்கிறது. ஆசிரியர் என்னும் பெயரை வெறுக்கத் தொடங்கும் பிள்ளைக்கு இந்த வரலாற்றைச் சொல்லுங்கள்.

இழிவு நேர்ந்தால் நாளையும் நேரத்தையும் சொன்ன சொல்லையும் எழுதி வைக்கச் செய்க. தந்தையோ தாயோ சங்கத்தார் ஒருவரோடு சென்று தலைமையாசிரியரிடம் எழுத்தில் முறையிடுக. பயனில்லையேல் கல்வி அதிகாரியிடம் செல்க. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 முதல் உளது. மதம் மாறியோம் என்பதனால் பௌத்தர்க்கு அது இல்லாமற் போகாது. பட்டியல் சாதி உரிமை 1990 முதல் பௌத்தர்க்கும் உரியதாயிற்று. பிள்ளையின் சினத்தைப் பெரியவர்கள் தம் கையில் வாங்கிக்கொண்டால், அவன் கையில் வேறொன்று ஏறாது.

விலக்கலும் திரும்ப ஏற்றலும்

தில்லியில் வருகைக் குறைவு பகைக்குக் காரணமாயிற்று என்றோம். பள்ளியினின்றும் நீக்கப்படுதல், நீக்குவேன் என்ற அச்சுறுத்தல் ஆகியவை மாணவனை விளிம்புக்குத் தள்ளக்கூடியவை. இதற்கு விநயத்தின் மகாவக்கத்தில் ஒரு நல்ல வழி உண்டு. உபாத்தியாயர் மாணாக்கரை மகனாகவும், மாணாக்கர் உபாத்தியாயரைத் தந்தையாகவும் கருத வேண்டும் என்று அங்கே தொடங்குகிறது. மாணாக்கரிடம் அன்பும், நம்பிக்கையும், நாணமும், மதிப்பும், பயிற்சியும் இல்லையேல் அவரை விலக்கலாம். ஆனால் விதி அத்துடன் நிற்கவில்லை. விலக்கப்பட்டவர் மன்னிப்புக் கேட்டேயாக வேண்டும், கேளாதிருத்தல் குற்றம். கேட்டால் உபாத்தியாயர் மன்னித்தேயாக வேண்டும், மன்னியாதிருத்தல் குற்றம்.

கதவை அடைக்கும்போதே திறக்கும் வழியையும் வைத்த சட்டம் இது. இன்று மாணவனை விலக்கும் பள்ளி, 'இத்தனையாம் நாள் பெற்றோருடன் வா. இன்னது செய்தால் மீண்டும் அமரலாம்' என்று அதே தாளில் எழுதித் தருமாயின், வெளியே நிற்கும் சிறுவனுக்கு எண்ணுவதற்கு வேறொன்று கிடைக்கும்.

தென்திசைக் கடமைகள்

சிகாலோவாத சூத்திரத்தில் ஆசிரியரைத் தென்திசையாகப் பகவர் வைத்தார். மாணவர் எழுந்து நின்று மதித்தல், உடனிருந்து உதவல், கேட்க ஆர்வங்கொள்ளல், பணி செய்தல், கற்பிப்பதைக் கருத்துடன் ஏற்றல் என ஐந்து கடமை செய்ய வேண்டும். ஆசிரியரும் நன்கு பயிற்றல், நன்கு பற்றும்படி கற்பித்தல், கலைகளை ஒளிக்காது முற்றும் உரைத்தல், நண்பரிடையே நன்மதிப்புண்டாக்கல், எத்திசையிலும் காப்பளித்தல் என ஐந்து செய்ய வேண்டும். கடமை ஒரு பக்கம் மட்டும் இல்லை என்பதைக் காண்க. நான்காவதை மீண்டும் படியுங்கள்: நண்பரிடையே மாணவனின் மதிப்பை உயர்த்துவது ஆசிரியர் கடமை. வகுப்பின் நடுவே அவனைக் குன்றச் செய்வது அதற்கு நேர்மாறு.

இவற்றை நம் இல்லங்களில் நடைமுறையாக்கச் சில வழிகள்:

1. பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளையிடம் மதிப்பெண்ணைக் கேட்குமுன், "இன்று யாரேனும் உன் மனத்தை நோகச் செய்தனரா?" என்று கேட்க வேண்டும். அன்றைய சினத்தை அன்றே ஒருவரிடம் சொல்லும் பழக்கம் வந்துவிட்டால் வஞ்சத்துக்கு வித்து இல்லை.

2. பிள்ளையின் முன்னிலையில் ஆசிரியரை இகழலாகாது; ஆசிரியரின் முன்னிலையில் பிள்ளையை அடிக்கலும் ஆகாது. இரண்டும் ஒரே தீயை வளர்ப்பன.

3. குறிப்பேட்டில் ஆசிரியர் எழுதியதைக் கண்டவுடன் கையை ஓங்காதீர்கள். அத்தாளைக் காட்டினால் வீட்டில் அடி விழும் என்னும் அச்சம், எழுதியவர்மேல் வெறுப்பாகத் திரும்பும்.

4. உரிமம் பெற்ற துப்பாக்கி எவர் வீட்டிலேனும் இருப்பின் பூட்டில் இருக்கட்டும். யமுனாநகர் நிகழ்ச்சி இதற்குச் சான்று.

5. நம்மிடையே ஆசிரியராய் இருப்போர், கண்டித்த மாணவனை அன்றே தனியே அழைத்துக் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். தக்கசீலத்து ஆசிரியர் வாளின் முன் சொன்னதை, நாம் மாலை மணி அடிக்குமுன் சொல்லலாம்.

6. மாணவரே! தோழன் ஒருவன் கத்தி வைத்திருப்பதை அறிந்தும் வாளாவிருத்தல் நட்பு அன்று. பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். அது கோள் சொல்வதன்று. இரண்டு உயிரைக் காப்பதாகும்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இவற்றைப் பிள்ளைகளே விவாதிக்கட்டும். பெரியவர் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

1. மூதாட்டி எள்ளின் விலையை ஏன் வேண்டாள்?

2. குமாரன் வஞ்சத்தை மறைத்து வைத்த ஆண்டுகளில் இன்பமாய் இருந்திருப்பானா?

3. குமாரனைப் பிடித்த இரு தோழரும் அன்று மாலை என்ன செய்திருக்கலாம்?

4. கேசியிடம் பகவர் கூறிய 'கடுமை'க்கும் அடித்தலுக்கும் வேறுபாடு யாது?

5. நியாயமான சினத்தையும் வஞ்சத்தையும் எவ்வாறு பிரித்தறிவது?

நம் முன்னோர்க்குப் பள்ளிக்கூடம் எளிதிற் கிடைத்ததன்று. தீண்டாதார் எனப்பட்ட சிறுவர்க்காகக் கர்னல் ஆல்காட் 1894இல் சென்னையில் இலவசப் பள்ளியைத் தொடங்கியபோதும், பண்டித அயோத்திதாசர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியபோதும், பலகையும் எழுத்தாணியும் தொடுவதற்கே நம் பிள்ளைகள் ஏங்கி நின்றனர். அவ்வாறு பெற்ற பள்ளியில், கற்பிப்பவர் அஞ்சி நிற்கவும் கற்பவர் கறுவி நிற்கவும் நாம் விடலாகாது. கதையின் இறுதியில் அரசன் வாளைக் கீழே வைத்தான். அவன் வைத்ததற்குக் காரணம் அச்சமன்று. ஒருவர் அவனுக்குப் பொறுமையாக விளக்கிச் சொன்னதேயாகும். அந்த விளக்கத்தை நம் பிள்ளைகட்கு வாள் எடுக்குமுன் சொல்லுவோமாக.